அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்

நான் வேலூரில் தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்பவள். வாய், நாக்கு, தாடை, தொண்டை, குரல்வளை, தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இவ்வளவும் எங்கள் எல்லை. மூளைக்கும் கண்ணுக்கும் வேறு டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த வேலையில் ரொம்பவும் அலுப்புத் தருவது எது என்று யாராவது கேட்டால் பன்னிரண்டு மணி நேர ஆபரேஷனைச் சொல்ல மாட்டேன். நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகனோ மருமகனோ தனியாக உள்ளே வந்து குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதைத்தான் சொல்வேன்: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். தெரிஞ்சா தாங்க மாட்டார்."

அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் ஆபரேஷனில் அந்தப் பொய் மயக்கம் தெளியும் வரைக்கும்கூடத் தாங்காது. கண் விழிக்கும்போது கழுத்தில் ஒரு குழாய் இருக்கும், மூக்கில் ஒரு குழாய் இருக்கும். வாயைத் திறந்தால் சத்தம் வராது. நாக்கில் பாதி இருக்காது, அல்லது அந்த இடத்தில் கையிலிருந்து எடுத்த தோல் இருக்கும். "சாதாரணப் புண்தான், சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி அழைத்து வந்த மனிதருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும்? என்ன ஆச்சு என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாதே.

இன்னொன்று, பெரும்பாலும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆரணிப் பக்கத்திலிருந்து தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) துரியோதனன் வேஷம் கட்டுபவர். தை மாதமே குரல் கம்மிவிட்டது. விடிய விடிய வசனம் பேசுகிற தொண்டைதானே என்று சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகு என்று பார்த்திருக்கிறார். பங்குனியில் பாரதக் கூத்து ஆரம்பித்துவிட்டது. வாங்கிய முன்பணத்துக்கு ஆடியாக வேண்டும், சீசன் முடியட்டும் என்று இருந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஸ்கோப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கக் குரல்நாண் அசையவே இல்லை. ஸ்கேனில் கட்டி குரல்வளைக் குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆரம்பத்தில் வந்திருந்தால் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தே குரலைக் காப்பாற்றியிருக்கலாம். இந்த நிலையில் குரல்வளையை முழுசாக எடுப்பதுதான் வழி.

மகன் வழக்கமான வேண்டுகோளை வைத்துவிட்டு, காப்பீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போனார். பெரியவர் மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்து கம்மிய குரலில் சொன்னார்: "யம்மா, வெளிய போர்டுல புற்றுநோய்ப் பிரிவுன்னு எழுதிக்கீது. ராத்திரி பூரா வசனம் மனப்பாடமா சொல்றவன் நான். இந்தப் போர்டு படிக்கத் தெரியாதா எனக்கு?"

அப்புறம் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்றைக்கும் பாடம். பேச்சு வருமா என்று கேட்டார். குரல்வளை போனபின் மூச்சு நிரந்தரமாகக் கழுத்துத் துளை வழியாகத்தான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தினால், துளையை விரலால் அடைத்துக்கொண்டு பேச முடியும். அந்தக் குரலில் வீட்டில் பேசலாம், போனில் பேசலாம், ஆனால் கூத்துப் பாட்டு வராது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து, "புஜக்கட்டை கட்டலாமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. கட்டை வேஷக்காரர்கள் கிரீடம், மார்ப்பதக்கத்தோடு இரண்டு தோளிலும் மரத்தில் செய்த அணியைக் கட்டிக்கொள்வார்கள் என்று கையாலேயே வரைந்து காட்டினார். குரல் போனாலும் வேஷம் கட்டி அடவு சொல்லிக் கொடுக்க வேண்டுமாம், பசங்க இருக்கிறார்களாம்.

கழுத்தில் நெறிகளை (நெறி கட்டும்போது வீங்குகிற நிணநீர் முடிச்சுகள்) எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு ஒன்று எங்கள் கத்திக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறது. முடிந்தவரை அதைக் காப்பாற்றிவிடுவோம். காப்பாற்றினாலும் இழுபட்ட நரம்பு பல மாதங்கள் சோம்பிக் கிடக்கும், தோள் சாயும், கை தலைக்கு மேல் போகாது. பயிற்சி செய்யாமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் சொல்ல முடிந்தது, காரணம் அவருக்கு விஷயம் தெரியும். வார்டில் சுவரோரம் நின்று விரலால் ஏறி ஏறிக் கையை உயர்த்துகிற பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமலேயே தொடங்கியவர் அவர்தான். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவைப்பார். வார்டு சிஸ்டருக்குச் சுவர் பாழாகிறது என்று கோபம்.

மகனிடம் நான் பிறகு சொன்னதைத்தான் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறேன். சொல்லும் பொறுப்பை எங்களிடம் விடுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நாங்களும் எடுத்த எடுப்பில் போட்டு உடைப்பதில்லை. "உங்களுக்கு என்னன்னு தோணுது?" என்றுதான் ஆரம்பிப்போம். பாதிப் பேர் அவர்களே பெயரைச் சொல்லிவிடுவார்கள். சிலர் "எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், பையன்கிட்ட பேசிக்கோங்க" என்பார்கள், சரி, அதுவும் அவர் உரிமை. அப்போதும் குழாய் இருக்கும், பேச்சு போகும் என்பதை மட்டும் அவர் காதில் போட்டுவிடுவோம். சட்டப்படியும், சுயநினைவோடு இருக்கிற பெரியவர் ஒருவரின் ஆபரேஷனுக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். மகனின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

இந்தப் பக்கத்தில் எங்களிடம் வருகிறவர்களில் அதிகம் வாய்ப் புற்றுதான். கன்னத்தின் உட்புறம், கீழ் ஈறு, நாக்கின் ஓரம். காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கு புகையிலை, பீடி, சாராயம், இப்போது பொட்டலத்தில் வருபவை. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் தடை வந்தது. ஆனாலும் ஓ.பி.க்கு வரும் இளைஞர்களின் சட்டைப்பையில் பொட்டலம் இருக்கத்தான் செய்கிறது. "நான் புகையிலை போடறதே இல்ல, பாக்கு மட்டும்தான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வெளியிட்டுவிட்டது.

பாக்கு முதலில் வாயை இறுக்கும். கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, நாராகி, காரம் பட்டால் எரியும். ஆம்பூர்க்காரர் ஒருவர் "பிரியாணிய விட்டு ஒரு வருஷமாச்சு, கத்தரிக்காய் தொட்டாலே எரியுது" என்றார். அவர் வந்தது தன் மாமாவுக்குத் துணையாக. நான் கூட வந்தவர்களின் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன், அது என் பழக்கம். நடு மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவில் நுழைக்கச் சொன்னேன். இரண்டுக்கு மேல் போகவில்லை. இது புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்குப் போகும் வழி. வீட்டில் கண்ணாடி முன் நின்று இதை யாரும் செய்து பார்க்கலாம்.

மற்ற அடையாளங்களும் கண்ணுக்குத் தெரிபவைதான். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், வலியில்லாத கழுத்துக் கட்டி. பல் தானாக ஆடினால் அதைப் பிடுங்குவதற்கு முன் ஈற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லைப் பிடுங்கி, குழி ஆறவே இல்லை என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் தோல் தூசியில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்து ரத்தமும் வந்தால் சைனஸ் என்று விட்டுவிட வேண்டாம். அபூர்வம்தான், ஆனால் தோல் தூசிக்கும் மூக்குப் புற்றுக்கும் தொடர்பு நிரூபிக்கப்பட்டது.

சந்தேகம் வந்தால் சதை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். இங்கேதான் பெரிய சண்டை. "கத்தி பட்டா பரவிடும் டாக்டர்." எங்கள் ஊர்களில் இதை நம்பாத தெரு இல்லை. இது எப்படி உண்டாயிற்று என்பது எனக்குப் புரிகிறது. சதை டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டைப் பார்த்துப் பயந்து, நாட்டு மருந்து, வேண்டுதல் என்று நான்கைந்து மாதம் போகும். கட்டி தன் பாட்டுக்கு வளரும். ஊர்க்காரர்கள் "சதை எடுத்தாங்க, அப்புறம் பெருசாயிடுச்சு" என்பார்கள். நடுவில் போன மாதங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாய்ப் புண்ணில் அரிசியளவு சதை எடுப்பதால் நோய் பரவாது. எடுத்தபின் சும்மா இருந்தால் வளரும்.

இதேபோல இன்னொரு கேள்வி: "நாக்குலதானே கட்டி? கழுத்துல ஒண்ணுமே இல்லைன்னு ஸ்கேன்லயே போட்டிருக்கே, அங்க ஏன் கீறணும்?" நியாயமான கேள்விதான். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் நெறிகளில் நோய் ஒளிந்திருக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை ஆரம்பநிலை வாய்ப் புற்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தது. முதல் ஆபரேஷனிலேயே கழுத்தையும் சுத்தம் செய்தவர்கள் ஒரு பக்கம், நெறி தென்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்கள் மறுபக்கம். 2015இல் வெளியான முடிவில், 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், காத்திருந்த குழுவில் 67.5 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டுவேன். அதற்குமேல் பெரும்பாலும் யாரும் வாதாடுவதில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து எடுப்பது பாதி வேலை, எடுத்த இடத்தை நிரப்புவது மீதிப் பாதி. நாக்குக்கு முன்கைத் தோல், தாடைக்குக் காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு. உடம்பு எடையைத் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்புதான் என்பதால் இதை எடுத்தாலும் நடக்கலாம். அதிகம் தாங்க முடியாத உடம்பாக இருந்தால் நெஞ்சுத் தசையையே தோலோடு திருப்பிப் போடுவோம். நெஞ்சில் முடி உள்ளவர்களுக்கு வாய்க்குள் முடி முளைக்கும். இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால் ஒரு மாதம் கழித்து அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். கதிர்வீச்சு வைத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். முன்கைத் தோல் எடுப்பதாக இருந்தால் அந்தக் கையில் யாரையும் ஊசி குத்தவோ டிரிப் போடவோ விடாதீர்கள். இதை நோயாளியே சொல்லித் தடுக்க வேண்டும், அதற்கும் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த சதையின் ரத்தக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறோம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாய், தலைமுடியைவிட மெல்லிய நூல். தைத்து முடித்தாலும் வேலை முடிந்ததாகாது. முதல் இரண்டு நாள் மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார், தொட்டுச் சூடு பார்ப்பார், தேவைப்பட்டால் ஊசியால் குத்துவார். சிவந்த ரத்தம் ஒரு சொட்டு மெதுவாக எட்டிப் பார்த்தால் எல்லாம் சரி. வெளிறியிருந்து ரத்தமே வராவிட்டால் உள்ளே போகும் வழி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து, குத்தியதும் கருஞ்சிவப்பாகக் குபுக்கென்று வந்தால் திரும்பும் வழி அடைத்திருக்கிறது. எதுவானாலும் சில மணி நேரத்துக்குள் தியேட்டருக்குத் திரும்ப வேண்டும். எனவே நடுராத்திரியில் "தூங்குற மனுஷனைக் குத்துறாங்களே" என்று சிஸ்டரோடு சண்டை போடாதீர்கள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க விடாதீர்கள், கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

குரல்வளையை எடுக்காதவர்களுக்குக் கழுத்துக் குழாய் தற்காலிகம்தான். வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடுவோம். அதுவரை பேச முடியாது என்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். எழுதத் தெரிந்தால் சிலேட்டு. தெரியாவிட்டால் கைச்சாடை, அதையும் ஆபரேஷனுக்கு முந்தின நாளே வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிட வேண்டும். சளி எடு, வலிக்கிறது, தண்ணீர், பாத்ரூம், பயமாக இருக்கிறது, இந்த ஐந்துக்குச் சாடை இருந்தால் பாதிக் கலவரம் குறையும். குடியாத்தத்திலிருந்து வந்த லுங்கி நெசவு தம்பதிக்கு நாங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பவர்லூம் ஷெட் இரைச்சலில் கையாலேயே பேசிப் பழகியவர்கள். ஐ.சி.யு.வில் அந்த அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி கணவரோடு சண்டையே போட்டார்.

மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் சாப்பாட்டில்தான் வீட்டார் அதிகம் தடுமாறுகிறார்கள். ராகிக் கஞ்சி, பால், முட்டை, வேகவைத்துக் கடைந்த பருப்பு எல்லாம் கொடுக்கலாம். ஆனால் மிக்சியில் அடித்து, வடிகட்டி, நீர்க்க இருக்க வேண்டும். வடிகட்டாத ராகி குழாயை அடைத்துவிடும். தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்து, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் மெதுவாக விட்டு, கடைசியில் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். முடிந்ததும் உடனே படுக்க வைக்காதீர்கள், அரைமணியாவது போகட்டும். மூக்கருகே குழாயில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டு வையுங்கள். அது வெளியே நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் எங்களிடம் வாருங்கள். வேலூரில் காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகள் சிலவற்றில் சமைத்துக்கொள்ள இடமுண்டு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள்தான் ஹோட்டல் சாம்பாரை வடிகட்டி ஊற்றிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

வாய் திறக்கும் பயிற்சியைக் கெஞ்சிக் கேட்கிறேன். தையல் ஆறியபின், நாங்கள் சொல்லும் நாளிலிருந்து, தட்டையான ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து அரை நிமிடம் தாங்க வேண்டும். ஒரு நாளில் பலமுறை. சில நாளுக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். வலிக்கும், எச்சில் வழியும், அவமானமாகக்கூட இருக்கும். கதிர்வீச்சுக்குப் பிறகு வாய் இறுகிவிட்டால் அதைத் திரும்பத் திறக்க என்னிடம் நல்ல வழி எதுவும் இல்லை. வீட்டார் பொய் சொல்லி அழைத்து வந்தவர்கள்தான் இதை முதலில் கைவிடுகிறார்கள். புண் ஆறிவிட்டது, இனி எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. கதிர்வீச்சுக்கும் வராமல் நின்றுவிடுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

ரிப்போர்ட்டைப் பார்த்துக் கதிர்வீச்சு தேவை என்று முடிவானால், ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே அதுதான், ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. வாரம் 5 நாள் வீதம் ஏறக்குறைய 6 வாரம். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கெட்ட பல்லைப் பிடுங்குவதென்றால் ஆரம்பிப்பதற்குப் பத்துப் பதினைந்து நாளாவது முன்னால். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகலாம். பல வருடம் கழித்தும் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் "எனக்குத் தாடையில் கரண்ட் வெச்சிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். அந்த வாரங்களில் பீடி இழுத்தால் சிகிச்சையின் பலன் குறையும். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும்.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் அட்டை எடுக்கலாம். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து மாறியிருந்தால் அனுமதி இழுக்கும், சதை டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் செக்கப்பை விடாதீர்கள். நோய் திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான். அதனால் முதல் வருடம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு இடைவெளி விட்டும் கூப்பிடுவோம். பண்டிகை, அறுவடை, கூத்து சீசன் என்று தள்ள வேண்டியிருந்தால் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு வைத்தவர்களுக்குத் தைராய்டு மெதுவாகச் செயலிழக்கலாம். உடம்பு அசதி, எடை கூடுவது, எப்போதும் குளிர்வது போல இருப்பது எல்லாம் வயசுக் கோளாறு இல்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். அதை உங்கள் ஊரிலேயே எடுத்து, ரிப்போர்ட்டோடு வந்தால் போதும்.